மட்டந்தட்டல்

தலவாக்கலையில் புக்கி கடைக்குப் பின்னால்
தகரம் வேய்ந்த அறை.
சனிக்கிழமை இரவு. ஆறு கட்டுச் சீட்டு.
பச்சைத் துணிக்குப் பதில்
யாரோ இரவல் தந்த கம்பளிப் போர்வை.
சீட்டுப் போடுகிறவன் விமலசிறி.
எதிரே நான், நிறுவைக் கிளாக்கர்,
உதடு அசையாமல் எண்ணுகிறேன்.

இரண்டு முதல் ஆறு வரை சக ஒன்று.
பத்தும் படமும் ஆசும் சய ஒன்று.
ஏழு, எட்டு, ஒன்பது
யாருக்கும் உறவில்லை, போகட்டும்.

கூட்டி வந்தது ஏழு.
கழித்த சீட்டுக் குவியலைக் கண்ணால் நிறுக்கிறேன்,
சாக்கைத் தூக்காமலே எடை சொல்லும் கண்.
மூன்றரைக் கட்டு போயிற்று,
இரண்டரை மிச்சம்.
இரண்டே கால்தானோ?
அப்படியென்றால் மூன்றைத் தாண்டிவிடும்.
இல்லை, இரண்டரை.
ஏழை இரண்டரையால் பிரித்தால்
இரண்டு தசம் எட்டு.

மூன்றென்றால் ஆயிரம் வைக்கலாம்.
இரண்டென்றால் இருநூறு.

மட்டந்தட்டல்.
பள்ளிக்கூடக் கணக்கில் இதற்கு அதுதான் பெயர்.
மலையில் வேறு மட்டம்:
செடி மேல் கம்பைப் படுக்கவைத்து
கம்புக்கு மேலே நிற்பதைக் கிள்ளு.
ஆளை மட்டந்தட்டுவது மூன்றாவது.
அதற்குக் கம்பு வேண்டாம்.

பக்கத்தில் லொறிக்கார மரியதாஸ்.
கிட்டத்தில் எந்த எண்ணோ அதுவே எண் என்பான்.
அவனுக்கு இது மூன்று.
மருந்துக்கடைச் செல்வநாதன்
தசத்தை நறுக்கி எறிகிறவன்.
சக அரையும் பூஜ்யம், சய அரையும் பூஜ்யம்.
அவனுடைய லயத்தில்
பூஜ்யத்தின் காம்பிரா மட்டும் இரட்டை அகலம்.
நல்லதோ கெட்டதோ தெரியாமல்
பாதி இரவு அதற்குள்ளேயே குந்தியிருப்பான்.

நான் எப்போதும் கீழே இறக்குகிறவன்.
சய அரை எனக்குச் சய ஒன்று,
எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைக்கிற எண்.
இரண்டு தசம் எட்டு எனக்கு இரண்டு.
பழக்கம்.

வெள்ளிக்கிழமை பொன்னழகுவின் கொழுந்து
பதினேழு தசம் எட்டு.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று
முன்னமே கழித்த பிறகு.
பதினெட்டு இருந்தால் முழுப் பேர்.
பதினேழு என்று எழுதினேன்.
அரைப் பேர்.
"ஐயா, முள்ளு இன்னும் ஆடுதுங்க" என்றாள்.
அதற்குள் அடுத்த சாக்கு ஏறிவிட்டது.

இருநூறு வைத்தேன்.
எனக்கு ஆசு. அதன் மேல் ராஜா.
ஆயிரத்தைந்நூறாய் வந்திருக்க வேண்டியது
முந்நூறாய் நகர்ந்து வந்தது போர்வை மேல்.
மரியதாஸ் சிரித்தான்.

சிரிக்கட்டும்.
சீட்டில் எந்த மட்டமானாலும் ஒன்றுதான்.
ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு
அதற்கென்று போட்ட அட்டவணையை வைத்திருந்தால்
ஆயிரம் ஆட்டத்துக்கு ஒரு பிளேன்டீ காசு
கூடக் குறைய வரும்.
உதிர்ந்த தசம் இன்று அவனிடம், நாளை என்னிடம்.

தராசில் உதிர்வது ஒரே பக்கம் போகிறது.
நாற்பத்தாறு பேர். இருபத்துநாலு நாள்.
ஆளுக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும்
மாதம் ஐந்நூற்றைம்பத்திரண்டு.
கம்பளியில் விரலால் எழுதிப் பார்த்தேன்.
விமலசிறி சீட்டைத் தட்டி, வேணுமா என்றான்.
ஐந்நூறு என்று வைத்துக்கொண்டேன்,
என் பழக்கப்படி.

திங்கட்கிழமை மழை.
கொழுந்து மடுவத்தில் பொன்னழகு சாக்கை மாட்டினாள்.
என் பேனையை அவள் பார்க்கவில்லை.
முள்ளைப் பார்த்தாள். நானும்.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
அது ஆடிக்கொண்டிருந்தது.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
கணக்கப்பிள்ளை குடைக்கம்பியால் தரையைத் தட்டினார்.
நான் இன்னும் எழுதவில்லை.